கமாடோ அடுப்பில் ரிப்ஸ்: முழுத் தட்டா, அரைத் தட்டா, தட்டே வேண்டாமா?

செராமிக் கமாடோ அடுப்பில், அதாவது மூடி போட்ட முட்டை வடிவக் கரி அடுப்பில், ரிப்ஸ் எனும் பன்றி விலா எலும்பை நிதானமாக வேகவைக்க மூன்று வழி உண்டு. தணலுக்கும் கறிக்கும் நடுவே நேரடிச் சூட்டை மறைக்கும் முழுத் தட்டு வைக்கலாம், பாதிக்கு மட்டும் தட்டு வைக்கலாம், தட்டே இல்லாமல் கறி வைக்கும் கம்பி வலையை உயர்த்தி நேராகச் சுடலாம். ரிப்ஸுக்கு என் ஓட்டு முழுத் தட்டுக்குத்தான்.

பிக் கிரீன் எக் என்ற பிராண்டு கமாடோவில் மூன்று கால் வைத்த ஒரே தட்டு வரும். கால்கள் மேலே பார்த்தபடி வைத்து, அவற்றின் மேல் வலையைப் போட வேண்டும். கமாடோ ஜோ என்ற இன்னொரு பிராண்டில் இரண்டு அரைவட்டத் துண்டுகள். எதுவானாலும் சூடு தட்டின் ஓரத்து இடைவெளி வழியாக ஏறி, மூடியில் பட்டுக் கறி மேல் இறங்குகிறது. அதனால் தட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு நுனிதான் முதலில் கருகும். நீளமான ரிப்ஸ் என்றால் இரண்டாக வெட்டிவிடுங்கள், அல்லது வளையமாகச் சுருட்டிக் குச்சி குத்தி நிமிர்த்தி வையுங்கள்.

பலரும் கவனிக்காத விஷயம், கொழுப்பு பிடிக்கும் ட்ரே. அதைத் தட்டின் மேல் நேரடியாக வைத்தால் சொட்டுகிற கொழுப்பெல்லாம் தீய்ந்து, கசப்புப் புகை கறியில் ஏறும். ஃபாயிலை மூன்று உருண்டையாகப் பிடித்து ட்ரேக்கு அடியில் வைத்தால் போதும், அந்த அரை அங்குல இடைவெளி காப்பாற்றிவிடும். ட்ரேயில் தண்ணீர் ஊற்றுவது மெல்லிய இரும்பு ஸ்மோக்கருக்குத் (புகையில் கறி வேகவைக்கும் அடுப்பு) தேவைப்படும் வேலை. செராமிக் சுவர் சூட்டைத் தாங்கி வைப்பதால் இங்கே கொஞ்சம் காற்றே போதும், கறியும் அவ்வளவாக உலராது.

அரைத் தட்டு கோழிக்கும் ஸ்டேக்குக்கும் அருமை. ரிப்ஸுக்கு இடம் பத்தாது. தணல் பக்கம் இருக்கும் ஓரம் முந்திக்கொள்ளும், அடிக்கடி திருப்ப வேண்டும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் காற்று புகுந்து தீ ஏறும்.

தட்டில்லாத வழியை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1948-ல் தொடங்கிய ரெண்டெவூ உணவகம் ரிப்ஸை உயரமான வலையில், நேராகக் கரித் தணல் மேல்தான் சுடுகிறது. கொழுப்பு தணலில் விழுந்து எழும் அந்த வாசனை முழுத் தட்டில் கிடைக்காது. ஆனால் அடுப்பை விட்டு நகர முடியாது.

முழுத் தட்டு என்று முடிவாகிவிட்டால், கரியை ஒரே இடத்தில் மட்டும் பற்றவைத்து, தட்டையும் சீக்கிரமே உள்ளே வைத்துவிடுங்கள். 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் நம் இலக்கு. 95-ஐத் தொடும்போதே கீழ், மேல் காற்றுத் துவாரங்களைக் குறைக்க ஆரம்பியுங்கள், ஏனென்றால் சூடேறிய செராமிக் லேசில் ஆறாது. வெள்ளைப் புகை அடங்கிய பிறகே கறி உள்ளே போகட்டும். பேபி பேக் (முதுகை ஒட்டிய சின்ன விலா) நாலைந்து மணி நேரம், ஸ்பேர் ரிப்ஸ் (வயிற்றுப் பக்கத்துப் பெரிய விலா) ஐந்தாறு மணி நேரம். இடுக்கியால் ஒரு முனையில் பிடித்துத் தூக்கினால் நன்றாக வளைந்து மேல்பகுதி விரிசல் விட வேண்டும்.

அரைவட்டத் துண்டுகள் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. கடைசியில் ஒரு துண்டைக் கழற்றிவிட்டு, சாஸ் தடவிய ரிப்ஸை அந்தப் பக்கத் தணலில் இரண்டு நிமிடம் காட்டி எடுக்கலாம். கழற்றிய துண்டைத் தடித்த கையுறையோடு பிடித்து, ஈரமில்லாத செங்கல் மேல் வையுங்கள். சூட்டோடு தண்ணீர் பட்டால் தட்டு விரிசல் விட்டுவிடும்.