கையில் பிடித்த ஆண்டெனா, கோயில் திடல், மூன்று வருடம்

செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதற்குக் கூரை மேல் சுழலும் ஆண்டெனா, விலையுயர்ந்த செட் எல்லாம் வேண்டும் என்று நினைத்து ரொம்ப நாள் தள்ளிப்போட்டேன். இப்போது மூன்று வருடமாக எங்கள் தோட்டத்துக் கோயில் திடலில் நின்றபடி, ஆண்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டே பேசுகிறேன். ஊர் பேராக்கில் சுங்கை சிப்புட். அமெச்சூர் வானொலியில், அதாவது பொழுதுபோக்காக உரிமம் எடுத்து வானொலி அலையில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில், கால் வைக்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த அனுபவம் உதவ வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

உரிமம் முதலில். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் தேர்வு எழுதி பி வகுப்பு உரிமம் எடுத்தால், தீபகற்பத்தில் இருப்பவர்களுக்கு 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். அது கைக்கு வரும்வரை நான் கேட்க மட்டும் செய்தேன். கேட்டுக் கேட்டே பாதி பழகிவிட்டது.

செட் சாதாரணமானதுதான். 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்), 70 சென்டிமீட்டர் (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) இரண்டு அலைவரிசையும் உள்ள 5 வாட் கையடக்க செட், 120 வெள்ளி கொடுத்தேன். 5 வாட் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகப் போதும், நடுவில் மலையோ கட்டடமோ இல்லாமல் நேரே பார்க்கிற தூரம் அது. காசும் நேரமும் போட வேண்டியது ஆண்டெனாவில். என் முதல் ஆண்டெனாவை பிவிசி குழாயில் இரும்பு அளவு டேப்பை வெட்டி வைத்துச் செய்தேன். 2 மீட்டருக்கு மூன்று துண்டு, 70 சென்டிமீட்டருக்கு ஐந்து துண்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக. எட்டு மாதம் அருமையாக உழைத்தது. அப்புறம் வாரத்துக்கு வாரம் குரல்கள் மங்கிக்கொண்டே வந்தன. செயற்கைக்கோள்தான் பழுதோ என்று சந்தேகப்பட்டேன். பிரித்துப் பார்த்தால், ஈயம் வைத்த இடத்தில் டேப்பின் மஞ்சள் பெயிண்ட்டுக்கு அடியில் முழுக்கத் துரு. நம் ஊர் ஈரத்துக்கு இரும்பு டேப் ஆகாது. அலுமினியக் கம்பிக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

நம் நாட்டில் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஐஓ-86. இந்தோனேசியாவின் லாப்பான்-ஏ2 செயற்கைக்கோளுக்கு அமெச்சூர் வானொலியில் உள்ள பெயர் இது. 2015 செப்டம்பர் 28-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனது. சுமார் 650 கிலோமீட்டர் உயரம், பூமத்திய ரேகைக்கு வெறும் 6 பாகைச் சாய்வு. மற்றவற்றில் பல துருவம் வரை சுற்றிக்கொண்டிருக்க, இது நம் தலைக்கு மேலேயே ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். அது தொடுவானத்தில் எழுந்து மறையும் ஒரு தடவையைப் பாஸ் என்போம். எங்கள் ஊரில் எந்தப் பாஸும் தொடுவானத்திலிருந்து 20 பாகைக்குக் கீழே உச்சம் தொடுவதில்லை. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத வரம் இது. நம் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை எல்லாச் சுற்றிலும் போட மாட்டார்கள், அட்டவணை பார்க்க வேண்டும். ஒருமுறை இந்தோனேசிய நண்பர் ஏழு மணி என்றார். அது ஜகார்த்தா ஏழு மணி, நமக்கு எட்டு. ஒரு மணி நேரம் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அனுப்புவது 145.880 மெகாஹெர்ட்ஸ், டோன் (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்ந்து போகும் மெல்லிய ஒலி) 88.5 ஹெர்ட்ஸ். கேட்பது 435.880 மெகாஹெர்ட்ஸ். செயற்கைக்கோள் வேகமாக நெருங்கி வந்து விலகிப் போவதால், கேட்கும் அலைவரிசை மேலிருந்து கீழே சரியும். அதனால் 435.890, 885, 880, 875, 870 என்று ஐந்து சேனல்களைச் செட்டில் பதிந்து வைத்திருக்கிறேன். அனுப்புவது ஐந்திலும் அதே 145.880 தான், 2 மீட்டரில் சரிவு குறைவு. பாஸ் தொடங்கும்போது முதல் சேனலில் நின்று, குரல் கரகரக்கும்போது அடுத்ததற்குத் தட்டுவேன். இன்னொன்று மணிக்கட்டு. திசை சரியாக இருந்தும் குரல் இரைச்சலில் மூழ்கினால், ஆண்டெனாவை அதன் தண்டிலேயே மெல்லக் கால் சுற்று திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென வடிந்து, பக்கத்தில் நின்று பேசுவதுபோல் குரல் கேட்கும். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அந்த நொடி அலுக்கவில்லை.

ஐஓ-86 மேற்கிலிருந்து வருகிறது. பாஸின் முதல் பாதியில் நாமும் தமிழ்நாடும் அதன் பார்வை வட்டத்துக்குள் ஒன்றாக இருக்கிறோம். போன வருடம் ஒரு சாயங்காலம், விளக்கு வைக்க வந்த பாட்டியும் திடலில் இருந்தார். சென்னைப் பக்கத்திலிருந்து வியூ2 என்ற இந்திய அழைப்புக் குறியோடு ஒருவர் கூப்பிட்டார். என் குறியையும் பெயரையும், வரைபடத்தில் என் இடத்தைக் காட்டும் ஓஜே04 என்ற கட்ட எண்ணையும் சொன்னேன். அவர் என் பெயரைக் கேட்டதும், "வணக்கம், நல்லா இருக்கீங்களா?" என்றார். ஆங்கிலக் குறிகளுக்கு நடுவே தமிழ். 2,400 கிலோமீட்டருக்கு மேல்.

"யாருய்யா அது, நம்ம ஆளு மாதிரி பேசுறாரு?"

"சென்னைல இருந்து பாட்டி."

"போன்ல கூப்பிட்டாரா?"

"இல்ல பாட்டி, மேல போகுது பாருங்க, அது வழியா."

பாட்டி விளக்கைக் கையில் பிடித்தபடியே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்.

அனைத்துலக விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரும் நல்ல தொடக்கம்தான். 145.990-இல் 67 டோனோடு அனுப்பி, 437.800-இல் கேட்க வேண்டும். சத்தம் பலமாக இருக்கும், ஆனால் கூட்டம் அதிகம். கையடக்க செட்டில் பேசும்போது கேட்க முடியாது. நம் குரல் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாமல் அடுத்தவர் மேல் ஏறிப் பேசிவிடுவோம். நானும் பேசியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பிறகு ஒரு யூஎஸ்பி எஸ்டிஆர் டாங்கிளை (கணினியை வானொலிப் பெட்டியாக்கும் சிறு கருவி) மடிக்கணினியில் செருகி, ஹெட்போனில் என் குரலையே கேட்டுக்கொண்டு பேசப் பழகினேன். கேட்கவில்லை என்றால் பொத்தானை அழுத்துவதில்லை. ஒரு தொல்லை, நாம் அனுப்பும் அலையின் மூன்று மடங்கிலும் கொஞ்சம் கசியும். 145.990-ஐ மூன்றால் பெருக்கினால் 437.970 வருகிறது, கேட்கும் அலைவரிசைக்குப் பக்கத்திலேயே. அதனால் டாங்கிளின் ஆண்டெனாவைச் சில அடி தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது.

இடம் தேடும்போது செம்பனைக்கு நடுவே நிற்காதீர்கள். மழை விட்ட கையோடு ஈர மட்டைகள் 70 சென்டிமீட்டர் அலையைக் குடித்துவிடும். கிழக்கே மலைகள் இருப்பதால் பாஸின் கடைசி ஓரிரு நிமிடம் எனக்குக் கிடைப்பதில்லை, மேற்கு திறந்திருந்தால் சரி. பிற்பகலில் இடி முழங்கினால் எவ்வளவு நல்ல பாஸாக இருந்தாலும் விட்டுவிட்டு உள்ளே போய்விடுங்கள். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் மறுபடி வந்துவிடும்.