மாதவிடாய் வயிற்று உப்புசத்துக்கு ‘ஹார்மோன் பவுடர்’ வாங்கி 6,800 ரூபாய் ஏமாந்தேன்

நேற்று மாலை அந்தப் பவுடரை விற்றவர்கள் என் எண்ணைத் தடைசெய்துவிட்டார்கள். அந்த ஆத்திரம் அடங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் வசிக்கும் எனக்கு, மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பே வயிறு உப்பிக்கொள்ளும். பாவாடை நாடா பதிந்த தடம் இரவு வரை மறையாது. பெண்களுக்கான பொருள்களை விற்கும் ஓர் இணையத் தளத்தின் விளம்பரத்தைப் பார்த்துத் தொடர்புகொண்டேன். வெள்ளை அங்கி அணிந்த ஆலோசகர் காணொளியில் வந்து, உப்புசம் எந்தத் தேதியில் தொடங்குகிறது, மோதிரம் இறுகுகிறதா, மார்பு வலிக்கிறதா என்றெல்லாம் நிதானமாகக் கேட்டார். இதுவரை யாரும் என்னிடம் இவற்றைக் கேட்டதே இல்லை. அந்த இடத்தில்தான் அவரை முழுவதுமாக நம்பினேன். “உங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதிகம் சிஸ்டர், மூன்று மாதத்தில் சரியாகிவிடும், இல்லையென்றால் பணம் வாபஸ்” என்றார். ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. சீட்டுப் பணத்திலிருந்து 6,800 ரூபாயை, அழைப்பு முடிவதற்குள் அனுப்பிவிட்டேன்.

வந்த பவுடரைக் குடித்த மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கு. அம்மா டப்பாவை முகர்ந்து பார்த்து, “இது நிலாவாரைடி, பேதிக்குக் கொடுக்கிறது” என்றார். டப்பாவில் சேர்மானமும் இல்லை, உணவுப் பொருளுக்குரிய 14 இலக்க உரிம எண்ணும் இல்லை. விற்றவர்களிடம் கேட்டபோது, “கழிவு வெளியேறுகிறது, நிறுத்தாதீர்கள்” என்றார்கள். பிறகு, “திறந்த டப்பாவுக்குப் பணம் தர முடியாது” என்றார்கள். பிறகு, “மேலாளர் நாளை அழைப்பார்” என்றே பத்து நாள் ஓட்டினார்கள். 6,800 ரூபாய்!

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனையில், ஒரு காசு வாங்காமல், மருத்துவர் விளக்கினார்: கருமுட்டை வெளியான பின் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் உயர்வதால் குடலின் அசைவு மந்தமாகிறது, அந்த நாட்களின் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் உடல் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்கிறது, உதிரப்போக்கு தொடங்கிய சில நாளில் பெரும்பாலும் அதுவே வடிந்துவிடும். அந்த வாரம் மட்டும் கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறைத்து, தினமும் நடக்கச் சொன்னார். மாதவிடாய் முடிந்தும் உப்புசம் வடியாமல் நின்றால் ஸ்கேன் அவசியம் என்றார்.

மாதவிடாய்க் கோளாற்றைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அப்படி விளம்பரம் வந்தால் நம்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை உடனே அழையுங்கள். நான் இன்று காலைதான் அழைத்தேன். பார்சலைப் பிரிக்கும்போதே படம் எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை.