எப்பிங்கா, பர்ணமா, ஆஷ்ரிட்ஜா? லண்டனிலிருந்து ஒரு நாள் காட்டுக்குப் போக

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் நாலாவது நாள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "கோபுரம், பாலம், மணிக்கூண்டு எல்லாம் பார்த்தாச்சு. கூட்டம் இல்லாத இடமா ஒண்ணு சொல்லேன்." காட்டுக்குப் போங்கள் என்பேன். முகத்தில் சின்ன ஏமாற்றம் தெரியும். நமக்குக் காடு என்றால் மலை, யானை, வனத்துறை அனுமதி, ஜீப். இங்கே அப்படி எதுவும் இல்லை. பெரிய மிருகம் என்றால் மான்தான். வாசலும் கிடையாது, நுழைவுச்சீட்டும் பெரும்பாலும் கிடையாது. நாய்களோடு நடக்கும் மனிதர்கள் இருப்பார்கள், உங்களைப் பார்த்து "மார்னிங்" என்பார்கள், அவ்வளவுதான்.

சரி, எந்தக் காடு? ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடியவை என்று நான் சொல்வது நான்கு. நாலுக்கும் சம மதிப்பெண் போடப் போவதில்லை.

முதலில் எப்பிங். எளிதில் போய்ச் சேருவது என்று பார்த்தால் இதற்குப் போட்டியே இல்லை. சென்ட்ரல் லைன் ட்யூபில் ஏறி லவுட்டனில் இறங்கினால், கால் மணி நேர நடையில் மரங்களுக்குள் இருக்கலாம். சுமார் 6,000 ஏக்கர், 19 கிலோமீட்டர் நீளம். ஆனால் அகலம் மிகக் குறைவு, நாடா மாதிரி. தெற்கு முனை கிழக்கு லண்டனுக்குள்ளேயே வந்து நிற்கிறது. மேனர் பார்க் முருகன் கோயிலுக்குப் போகிற பல தமிழ்க் குடும்பங்களுக்கு, பக்கத்திலிருக்கும் வான்ஸ்டெட் புல்வெளியும் எப்பிங் காட்டின் பகுதிதான் என்பது தெரியாது. அங்கே வானம்பாடிகள் தரையில் கூடு கட்டுகின்றன.

இந்த ஒடுங்கிய வடிவம்தான் எப்பிங்கின் குறையும்கூட. எங்கே நின்றாலும் ஏதோ ஒரு சாலையின் இரைச்சல் காதில் விழும். எம் 25 நெடுஞ்சாலை வடக்குப் பகுதியைக் கடக்கும் இடத்தில், காடு துண்டுபடக்கூடாதென்று சுரங்கம் வெட்டி அதன் வழியே சாலையைக் கொண்டுபோனார்கள். சுரங்கத்தின் மேலே கிரிக்கெட் மைதானம் இருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள்ளேயே இருக்கும் ஹை பீச் என்ற இடத்துப் பக்கம் போனால் தேநீர்க் கடையைச் சுற்றி மோட்டார் பைக் கூட்டம். அமைதி தேடி வந்தவருக்கு அது சரிப்படாது.

பர்ணம் பீச்சஸ் லண்டனுக்கு மேற்கே, பக்கிங்ஹாம்ஷயரில். எப்பிங்கின் பத்தில் ஒரு பங்குகூட வராது, 500 ஏக்கர் சொச்சம்தான். ஆனால் கவனமாகப் பராமரிக்கப்படும் காடு. உள்ளே பல பாதைகளில் கார் வர முடியாது. சைக்கிளையும் கண்ட இடத்தில் ஓட்ட முடியாது. நாயைக் கயிற்றில் பிடித்தே நடக்க வேண்டிய பகுதிகள் தனியாக இருக்கின்றன. நாய் என்றாலே தள்ளி நிற்கும் என் சித்தி மாதிரியானவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டும் ஒரே கையால் காப்பாற்றப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது. லண்டன் மாநகரத்தின் பழைய ஆட்சியமைப்பான சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷனிடம் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் எப்பிங்கை ஒப்படைத்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம், நகரத்திலிருந்து 25 மைலுக்குள் இருக்கும் திறந்தவெளிகளை வாங்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்தது. பர்ணம் வீட்டுமனையாக விலைபோக இருந்த நேரம் அது. 1880-இல் கார்ப்பரேஷன் வாங்கிக்கொண்டது. 1882-இல் விக்டோரியா மகாராணி ஹை பீச்சுக்கே வந்து எப்பிங்கை மக்களுக்கு அர்ப்பணித்தார்.

இங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி. இரண்டு காட்டிலும் பார்க்க வேண்டியது பழைய பீச் (beech) மரங்கள். அடிமரம் கட்டிப்பிடிக்க முடியாத அளவு பருமன், தலையில் மட்டும் பத்துப் பதினைந்து கிளைகள் ஒரே இடத்திலிருந்து கிளம்பிப் போகும். இயற்கை செய்த கோலம் என்று நினைப்போம். இல்லை, கவாத்து. மாடும் மானும் எட்டாத உயரத்தில், ஆளுயரத்துக்குச் சற்று மேலே, சில ஆண்டுக்கு ஒருமுறை கிளைகளை விறகுக்கு வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தளிரை மாடு மேயாது, மரமும் சாகாது. வெட்ட வெட்ட ஆயுள் கூடும். லவுட்டன் ஊர்க்காரர்களுக்குக் குளிர்காலத்தில் கிளை வெட்டும் உரிமை தலைமுறை தலைமுறையாக இருந்தது. நவம்பர் 11 நள்ளிரவில் கோடரியோடு போய்த் தொடங்கி வைப்பார்கள். நிலப்பிரபு வேலி போட்டபோது தாமஸ் வில்லிங்கேல் என்ற விறகுவெட்டியும் அவர் குடும்பமும் அதை மீறி வெட்டினார்கள், குடும்பத்தில் சிலர் சிறைக்கும் போனார்கள். அந்தச் சண்டையும் சேர்ந்துதான் காட்டைக் காப்பாற்றியது.

ஆனால் காப்பாற்றிய கையோடு அந்த உரிமையை முடித்துவிட்டார்கள். ஊருக்கு நஷ்டஈடாக 'லாப்பிங் ஹால்' என்ற மண்டபம் கட்டிக் கொடுத்தார்கள். லவுட்டனில் இன்றும் நிற்கிறது, 1884-இல் திறந்தது. வெட்டுவது நின்றதும் கிளைகள் தடித்துப் பாரம் ஏறி, தாங்க முடியாமல் நடுமரத்தைப் பிளந்துகொண்டு விழ ஆரம்பித்தன. பர்ணத்திலும் இதே கதைதான். இன்று நிபுணர்கள் பல ஆண்டுகளுக்குத் திட்டமிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளை இறக்குகிறார்கள். மாடுகளையும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை, கண்ணுக்குத் தெரியாத வேலி. முதல்முறை மரங்களுக்கு நடுவே மணி இல்லாத மாட்டைப் பார்த்தபோது, யாரோ தொலைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

கிழ மரங்களுக்காக மட்டும் போவதென்றால் பர்ணம். ட்ரூயிட்ஸ் ஓக் என்று 800 ஆண்டுக்கு மேற்பட்ட ஓக் மரம் ஒன்று வேலிக்குள் பத்திரமாக இருக்கிறது. பல மரங்களுக்குக் கிட்டே போக வேண்டாம் என்று தடுப்பு வைத்திருப்பார்கள். நாம் தொட்டுவிடுவோம் என்பதற்காக மட்டும் அல்ல, நம் கால் மிதித்து மிதித்து மண் இறுகினால் பீச்சின் மேலோட்டமான வேருக்கு மூச்சு முட்டும். பர்ணத்தின் தொல்லை போக்குவரத்து. பர்ணம் ரயில் நிலையம் என்ற பெயரை நம்பி இறங்காதீர்கள். அங்கிருந்து காடு இன்னும் ஐந்து கிலோமீட்டர் போல இருக்கும். ஒரு சனிக்கிழமை மாலை திரும்பும் பேருந்தைத் தவறவிட்டு, இருட்டில் சாலை ஓரமாக நடந்து வந்திருக்கிறேன். நடைபாதையே இல்லாத கிராமத்துச் சாலை அது. கார் இருந்தால் மட்டும் போங்கள்.

ஆஷ்ரிட்ஜ் வேறு ரகம். யூஸ்டனிலிருந்து டிரிங் வரை முக்கால் மணி நேரத்துக்குள் ரயில், அப்புறம் ஆல்ட்பரி கிராமத்தின் வழியாக ஏற்றமான நடை. கால்வாய் வெட்டிப் புகழ்பெற்ற பிரிட்ஜ்வாட்டர் பிரபுவுக்கு 1832-இல் எழுப்பிய தூண் மேலே நிற்கும். எல்லாரும் வருவது தூணுக்காக இல்லை, புளூபெல் பூவுக்காக. ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை, மரங்கள் முழுதாக இலை விட்டு வெயிலை மறைப்பதற்கு முன், தரை முழுக்க நீலமும் ஊதாவும் கலந்த ஒரு விரிப்பு. படத்தில் அந்த நிறம் சரியாக விழுவதே இல்லை. மணமும் உண்டு, மெல்லிசாக.

பேர்போன இடம் டாக்கி வுட். அழகு பற்றி இரண்டு பேச்சில்லை. ஆனால் அமைதி? புளூபெல் பருவத்து வார இறுதிகளில் அங்கே கட்டணம் வாங்குகிறார்கள். இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அதைச் செய்வது சரி என்பதே என் கட்சி. இலை மிதிபட்டால் கிழங்குக்கு உணவு சேராது, செடி தேறப் பல ஆண்டு ஆகும். படம் எடுக்கப் பூவுக்கு நடுவே குழந்தையை உட்கார வைக்கும் பெற்றோரை அங்கே நிறையப் பார்க்கலாம், நம்மவர்களும் அதில் அடக்கம். அந்த மூன்று வாரத்துக்குள் போவதானால் செவ்வாய், புதன் காலை போங்கள். மற்ற மாதங்களில் ஆஷ்ரிட்ஜில் பீச் மரங்களும் மான் கூட்டமும் உண்டு. டாக்கி வுட்டை விட்டுவிட்டு வேறு பக்கம் நடந்தால் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும்.

நாலாவதைப் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சஃபோக்கில் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊருக்குத் தெற்கே பிராட்ஃபீல்ட் வுட்ஸ். லண்டனிலிருந்து ரயில் மாறிப் போய், கடைசியில் டாக்சி பிடிக்க வேண்டும். பெரிய மரம் பார்க்க வந்தவர் ஏமாந்து போவார். இங்கே மரத்தைத் தலையில் வெட்டுவதில்லை, தரையோடு வெட்டுகிறார்கள். நம்மூர் மறுதாம்புக் கரும்பு மாதிரி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி கொத்தாகக் கிளம்பும். குறைந்தது 1252-லிருந்து இந்தக் காட்டில் இப்படித்தான் நடக்கிறது. ஒரு ஆஷ் மரத்தின் அடிக்கட்டைக்கு 1,000 ஆண்டுக்கு மேல் வயதிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மேலே இருக்கும் கம்புகளோ நேற்று முளைத்தவை போல இருக்கும்.

ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு பகுதியை வெட்டுவதால், அடுத்த ஓரிரு வசந்தத்தில் அங்கே வெயில் இறங்கி ஆக்ஸ்லிப், பிரிம்ரோஸ் என்று தரையே பூத்துவிடும். பக்கத்துப் பகுதி இருட்டாக அடர்ந்திருக்கும், அதற்கு அடுத்தது பாதி வளர்ந்திருக்கும். ஒரு மணி நேர நடையில் பத்து வயதுக் காடு, இருபது வயதுக் காடு எல்லாவற்றையும் தாண்டிப் போகலாம். பிப்ரவரியில் போனால் ரம்பச் சத்தம் கேட்கும். எப்பிங்கின் கார் இரைச்சலைப் போல அது எனக்கு உறுத்துவதில்லை.

எந்தக் காடாக இருந்தாலும் சில விஷயம். நவம்பர் முதல் மார்ச் வரை சேறு கணுக்காலைத் தொடும், கேன்வாஸ் ஷூ வேண்டாம். டிசம்பரில் மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், காலையிலேயே கிளம்புங்கள். கோடையில் உண்ணி கடிக்கும், அதனால் லைம் நோய் வரலாம். முழுக்கால் சட்டை போட்டு, வீட்டுக்கு வந்ததும் உடம்பைப் பாருங்கள்.

கார் இல்லாதவர், வயதானவரைக் கூட்டி வருபவர், மூன்று மணி நேரம்தான் இருக்கிறது என்பவர்: எப்பிங், வார நாளில். காரும் குழந்தைகளும் உள்ளவர்: பர்ணம். மே முதல் வாரம் லீவு போட முடிந்தவர்: ஆஷ்ரிட்ஜ். பிராட்ஃபீல்டை யாருக்கும் முதலில் சொல்வதில்லை. இரண்டாவது தடவை இங்கிலாந்து வருபவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். போன மாசி மாதம் மாமா ஒருவரைக் கூட்டிப் போனேன், தஞ்சாவூர்ப் பக்கம் கரும்பு போட்டவர். ஆயிரம் வருஷத்துக் கட்டையைச் சுற்றி வந்து, குனிந்து வெட்டுவாயைத் தடவிப் பார்த்தார். "சாய்ச்சு வெட்டியிருக்கான், தண்ணி தேங்காது" என்றார். அதற்கப்புறம் காரில் ஏறும்வரை அவர் பேசவேயில்லை.