சால்மன் குஞ்சுகளுக்குத் தடுப்பூசி: நோர்வேப் பண்ணையொன்றின் நீண்டகால அனுபவம்

நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள ஒரு சால்மன் குஞ்சுப் பண்ணையில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். இங்கிருந்து கடலுக்குப் போகும் ஒவ்வொரு தொகுதிக்கும் எண்ணெய் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியைப் போடுகிறோம். ஃபுருங்குலோசிஸ், விப்ரியோசிஸ், குளிர்நீர் விப்ரியோசிஸ் ஆகிய மூன்று பற்றீரியா நோய்களுக்கும் எதிரான தடுப்பூசி இங்கே சட்டப்படி கட்டாயம். குளிர்காலப் புண் நோய்க்கான பகுதியும் பெரும்பாலும் அதே மருந்தில் சேர்ந்தே வருகிறது. மருந்து நம்பத்தக்கது, ஆனால் அதன் பலன் ஊசி போடும் நாளிலும் அதற்குப் பிந்திய காத்திருப்பிலும்தான் தங்கியிருக்கிறது என்பதே என் உறுதியான கருத்து.

1985இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த குஞ்சுகளோடு ஃபுருங்குலோசிஸ் இங்கே பரவியது. 1987இல், ஏறத்தாழ 50,000 தொன் மீன் விளைந்த காலத்தில், நாட்டின் மீன் வளர்ப்பில் 48 தொன் அளவுக்கு அன்ரிபயோட்டிக் செலவானது. 1990களின் தொடக்கத்தில் எண்ணெய் சேர்ந்த ஊசிமருந்து வந்தபின் அந்த அளவு செங்குத்தாக இறங்கியது. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் தொன் விளைந்தும் ஒரு தொன்னுக்கும் குறைவாகவே செலவாகிறது. மருந்து கலந்த தீவனத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டிய நாட்களை மூத்த தொழிலாளர்கள் இன்னும் சொல்வார்கள். நான் வேலைக்கு வந்தபின் அந்த மூன்று நோய்களில் எதற்காகவும் அப்படிச் செய்ய நேர்ந்ததில்லை.

ஊசிக்கு முன் குஞ்சுகளுக்கு இரண்டு நாளாவது தீனி நிறுத்தப்படும். மயக்கத் தொட்டியில் அசைவு ஓய்ந்ததும் மேசைக்கு வரும் குஞ்சை மல்லாத்திப் பிடித்து, வயிற்றின் நடுக்கோட்டில், வயிற்றுச் செட்டையின் அடியிலிருந்து ஒரு செட்டை நீளம் முன்தள்ளி ஊசியை இறக்க வேண்டும். மருந்தின் அளவு 0.1 மில்லிலீற்றர், புதிய வகைகளில் அதில் பாதி. ஊசி குட்டையாக இருந்தால் மருந்து தசையில் தங்கிவிடும், நீளமாக இருந்தால் குடலைக் குத்திவிடும். ஆகவே இடையிடையே சில குஞ்சுகளை அறுத்துப் பார்க்கிறோம்: குடலின் தொடக்கத்தில் விரல்விரலாகத் தொங்கும் பைகளைச் சுற்றிப் பால்போல வெண்துளிகள் தெரிந்தால் ஊசி சரியான இடத்தில் இறங்கியிருக்கிறது. கமராவால் நீளத்தை அளந்து குத்தும் இயந்திரம், அளவு பிரித்த மீனுக்கு மிக நன்று. பெரிதும் சிறிதும் கலந்த தொகுதியென்றால் பழகிய கைகளையே நான் விரும்புவேன். அந்தக் கைகளுக்கும் காப்பு வேண்டும்: கனிம எண்ணெய் கலந்த இம்மருந்து தவறுதலாக விரலில் ஏறினால், அளவு சிறிதானாலும், விரலையே இழக்க நேரலாம் என்பதால் மருந்தின் குறிப்புத்தாளோடு உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

இதன் பெரிய குறை பக்கவிளைவுதான். எண்ணெய் வயிற்றுக்குள் நெடுநாள் தங்குவதால் உறுப்புகள் ஒன்றோடொன்றும் வயிற்றுச் சுவரோடும் ஒட்டிக்கொள்கின்றன. சுவரில் கருமை படிகிறது. இதை 0 முதல் 6 வரையான ஸ்பைல்பர்க் அளவுகோலில் மதிப்பிடுகிறோம். ஒன்று, இரண்டு என்பது எதிர்பார்க்கத்தக்கதே. மூன்றும் அதற்கு மேலும் வந்தால் மீன் துன்பப்பட்டிருக்கிறது என்று பொருள். மிகச் சிறிய குஞ்சுக்கோ நீர் வெப்பம் கூடிய நாட்களிலோ ஊசி போட்டால் இந்த எண் ஏறுகிறது. வளர்ச்சியும் பசியும் சில வாரங்கள் பின்தங்குவதையும் கணக்கில் எடுத்தே திட்டமிட வேண்டும்.

எதிர்ப்புச் சக்தி உருவாவதை நாட்களால் அல்ல, நீர் வெப்பத்தை நாட்களால் பெருக்கி அளக்கிறோம். ஏறத்தாழ 500 பாகை-நாட்கள் தேவை. 10 பாகை நீரில் அது 50 நாள். மீன் ஏற்றும் கப்பல் முன்கூட்டியே வருகிறது என்பதற்காக இந்தக் காலத்தைச் சுருக்கும்படி கேட்டால் நான் ஒப்புவதில்லை. அரைகுறைப் பாதுகாப்போடு கடலிலுள்ள வலைக் கூண்டில் விடப்படும் மீனுக்கு அங்கே இரண்டாவது ஊசி கிடையாது.

குளிர்காலப் புண் விடயத்தில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கடல்நீர் 8 பாகைக்குக் கீழே இறங்கியதும் மொரிட்டெல்லா விஸ்கோசா என்னும் பற்றீரியா தோற் காயங்களைப் பிடித்துப் பெரும் புண்ணாக்குகிறது. தடுப்பூசி இறப்பைக் குறைக்கிறது, நோயை நிறுத்துவதில்லை. ஆகவே பின்மாரியில் கடலுக்குப் போகும் தொகுதியில் செதில் உதிராதபடி வலையும் குழாயும் கையாளப்படுகின்றனவா என்பதை ஊசியைப் பார்ப்பதுபோலவே கூடநின்று பார்க்கிறோம். உரசல் பட்ட மீனை ஏற்றுவதற்கு முன்பே பிரித்தெடுக்கிறோம்.