பாத்ரூம் சாக்கடை நாற்றம்: இரண்டரை வருடத்தில் எது வேலை செய்தது, எது தண்டச் செலவு

"எலி செத்துக் கிடக்குடா, பீரோவை நகர்த்திப் பாரு." கோதண்டராமர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்ததும் அம்மா சொன்னது இது. 2023 ஏப்ரல் கடைசி வாரம். மேற்கு மாம்பலத்தில் தொண்ணூறுகளில் கட்டிய அபார்ட்மெண்ட், எங்களுடையது முதல் மாடி. பீரோ, கட்டில், பரணில் கிடந்த பித்தளைப் பாத்திர மூட்டை எல்லாவற்றையும் நகர்த்தியும் இறக்கியும் பார்த்தாயிற்று, எலியும் இல்லை, பல்லியும் இல்லை. அழுகிய முட்டை வாடை மட்டும் பின்னறையிலிருந்து கிளம்பி ஹால் வரை வந்துவிடும். வீட்டுக்குள்ளேயே இருக்கிறவர்களுக்குப் பத்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடுகிறது, வெளியே போய்விட்டு வருகிறவர் முகத்தில்தான் அறைகிறது. அதனால் "இப்பல்லாம் வரதில்லையே" என்று வீட்டில் இருப்பவர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள், விருந்தாளியைக் கேளுங்கள்.

பின் பாத்ரூமிலிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது. கண்டுபிடித்த பிறகு எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முதலில் ஃபினாயில். அப்புறம் தரை ஓட்டையை மூடியிருக்கிற ஜாலி மேல் பாச்சை உருண்டை. அப்புறம் ரோஜா வாசனை ரூம் ஃப்ரெஷ்னர், அதை அடித்ததும் சாக்கடைக்குள் ரோஜா பூத்த மாதிரி ஒரு புது நாற்றம் வந்தது, பழையதே தேவலை என்றாகிவிட்டது. டிரெயின் அடைப்பு நீக்கும் பவுடர் மூன்று பாக்கெட் போட்டேன். அதில் இருப்பது காஸ்டிக் சோடாதான், தண்ணீர் பட்டதும் கொதித்து முடி, சோப்பு அழுக்கையெல்லாம் கரைக்கும். அந்த வேலையைச் சரியாகச் செய்தது, தண்ணீர் சர்ரென்று இறங்கியது, நாற்றம் அப்படியே இருந்தது. பேக்கிங் சோடாவும் வினிகரும் நன்றாக நுரைக்கும், அவ்வளவுதான்.

இந்த வரிசையில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். ஆசிட் வகை கிளீனர் ஊற்றிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, போதாதென்று பிளீச்சிங் பவுடரையும் அள்ளிக் கொட்டினேன். தரையிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக லேசாக ஏதோ எழும்பியது, தொண்டையில் கத்தி வைத்த மாதிரி இருந்தது, மூச்சு இழுக்க முடியவில்லை, வெளியே ஓடி வந்து பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினேன். அது குளோரின் வாயு. இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாகவும் போடாதீர்கள்.

முதலில் வந்த பிளம்பர் ஜாலியைக்கூடத் திறக்கவில்லை. டைல்ஸை உடைத்து லைனையே மாத்தணும் சார், பதினெட்டாயிரம் ஆகும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

உண்மையில் துப்பு கொடுத்தது எக்ஸாஸ்ட் ஃபேன். நாற்றம் போகட்டும் என்று அதை நாள் முழுக்க ஓடவிட்டால் நாற்றம் கூடியது! கதவையும் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது உள்ளே காற்று வந்தாக வேண்டும், அது டிரெயின் வழியாக வந்துகொண்டிருந்தது. ஊதுபத்தி காட்டிப் பார் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சாக்கடைக் காற்றில் மீத்தேனும் இருக்கும், அங்கே போய் நெருப்பு எதற்கு என்று முகத்துக்குப் போடும் பவுடரை இரண்டு விரலில் எடுத்து ஜாலிக்கு மேலே உதறினேன். கீழே விழ வேண்டிய பவுடர் குப்பென்று மேலே வந்து என் கண்ணாடியில் படிந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, காய்ந்த சேறுதான் வெடித்துக் கிடந்தது.

விஷயம் இதுதான். ஜாலிக்குக் கீழே இருக்கிற வளைவை நம் ஊர் பிளம்பர்கள் நானி ட்ராப் என்பார்கள், அதாவது நஹானி ட்ராப். அதன் வளைவில் எப்போதும் சுமார் 50 மில்லிமீட்டர், இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக்கும் நம் வீட்டுக்கும் நடுவே இருக்கிற கதவு அந்தத் தண்ணீர்தான், வேறு கதவு கிடையாது. கழிப்பறைக்கு அந்த வளைவை வைத்து 1775-ல் லண்டனில் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கம்மிங் ஒரு கடிகாரக்காரர். இருநூற்றைம்பது வருடமாக யாரும் இதைவிட எளிமையாக ஒன்று கண்டுபிடிக்கவில்லை, நான் அதில் போய் பாச்சை உருண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பையன் மார்ச்சில் வேலைக்குப் பெங்களூரு போய்விட்டான், அந்தப் பாத்ரூமில் யாரும் குளிப்பதில்லை, வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிட்டது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். அரை மணி நேரத்தில் நாற்றம் நின்றது. செலவு பூஜ்யம்.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஜூனில் முன் பாத்ரூமிலும் நாற ஆரம்பித்தது. அது நாங்கள் மூன்று பேர் தினம் குளிக்கிற இடம், அது எப்படிக் காயும்? இந்தமுறை தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லி அனுப்பிய வயதான பிளம்பர் வந்தார். ஜாலியைத் திறந்தார், உள்ளே விரலை விட்டு ஒரு சுற்று சுற்றினார், "கப்பு எங்க சார்?" என்றார். எந்தக் கப்பு அண்ணே என்றேன். பழைய மாடல் ட்ராப்பில் வளைவு கிடையாதாம், குழாய் வாயின் மேல் ஒரு கப்பைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், அதன் விளிம்பு தண்ணீருக்குள் முங்கியிருந்தால்தான் காற்று அடைபடும். கப்பில் முடி சிக்கித் தண்ணீர் தேங்குகிறது என்று யாராவது எடுத்து வைத்துவிடுவார்கள், எடுத்தால் அது வெறும் ஓட்டை. யார் எடுத்தது என்று வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் பார்த்தால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தேய்ந்த சோப்புத் துண்டுகளைப் போட்டு வைக்க அம்மா வைத்திருந்த கிண்ணம்தான் அந்தக் கப்பு. எப்போது அங்கே போனதோ. அதைக் கழுவி மாட்டினோம், அன்றே நின்றது. பிளம்பர் அண்ணன் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார், ஐந்நூறாகக் கொடுத்தேன்.

மூன்றாவது தொல்லைதான் பெரியது. மேல் மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீரைத் தள்ளும்போதெல்லாம் எங்கள் பின் பாத்ரூம் டிரெயின் "களக் களக்" என்று சத்தம் போடும், மறுநாள் பார்த்தால் ட்ராப்பில் தண்ணீர் பாதியாகியிருக்கும். பெரிய குழாயில் தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது பின்னால் காற்று வர வழி இல்லையென்றால் அது பக்கத்து ட்ராப்களில் இருக்கிற தண்ணீரையே உறிஞ்சிவிடும். அந்தக் காற்றுக்காகத்தான் மொட்டை மாடியில் வென்ட் பைப் நீட்டி விட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். அதற்கு முந்தைய வருடம் மாடிக்கு வாட்டர் ப்ரூஃப் பூச வந்தவர்கள் கலவை உள்ளே விழக்கூடாது என்று பைப் வாயில் சிமெண்ட் சாக்கைக் கட்டியிருக்கிறார்கள், வேலை முடிந்து போகும்போது அவிழ்க்கவில்லை. வெயிலில் அது இறுகிப்போய் மூடி மாதிரி ஆகிவிட்டது. அதை அறுத்து எடுத்துவிட்டு புது கவுல், அதாவது காற்று போக வழி விட்ட மூடி, மாட்டினோம், அசோசியேஷன் பணம் இருநூறு ரூபாய்க்குள்தான். அதற்கு முன்னால் கூட்டத்தில் ஒருவர் "கீழே சேம்பரில் ஆளை இறக்கிச் சுத்தம் பண்ணினால் எல்லாம் சரியாகும்" என்றார். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி, பாதுகாப்புக் கவசம் இல்லாமல் இறக்குவது குற்றம், ஆளைக் கொல்கிற வேலையும் கூட, கீழே அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமானால் முதலில் செத்துப் போவது மூக்கின் உணர்வுதான், வாடை வரவில்லையே என்று நினைக்கும்போதே ஆள் விழுந்துவிடுவார். சாக்கடை சுத்தம் செய்கிற மெஷினைக் கூப்பிட்டோம்.

இனி டிரெயின் வாயில் சொருகுகிற சிலிக்கோன் வால்வு. இதைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆன்லைனில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கி 2023 ஆகஸ்டில் பின் பாத்ரூமில் போட்டேன். தண்ணீர் விழுந்தால் வாய் திறக்கும், நின்றால் ஒட்டிக்கொள்ளும், கரப்பானும் வராது. நான் வாங்கியது எங்கள் குழாய்க்கு ஒரு சுற்று சிறியது, ஓரத்தில் இடைவெளி இருந்தால் போட்டும் பயனில்லை, பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றி இறுக்கினேன். அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருச் சாக்கடை நிரம்பி உள்ளே இருந்த காற்றையெல்லாம் வீடுகளுக்குள் தள்ளியது. முன் பாத்ரூம் கப்பு இரண்டு நாளும் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது, வால்வு போட்ட பின் பாத்ரூம் வாடையே இல்லாமல் இருந்தது. கீழ்த்தளத்தில் சாக்கடைத் தண்ணீரே மேலே வந்துவிட்டது, அதை இந்த ரப்பர் துண்டு தடுக்கும் என்று நம்பி யாரும் வாங்க வேண்டாம்.

எட்டு மாதம் கழித்து அதன் குறை தெரிந்தது. எங்களுடையது போர் தண்ணீர், உப்பு. வால்வின் உதடு இரண்டிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போய் மூடவே இல்லை, நடுவே ஒரு நீள முடியும் சிக்கியிருந்தது. வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் சரியாகிறது. இதை நான்கு மாதத்துக்கு ஒருமுறை செய்கிறேன். 2025-ல் ரப்பர் கிழிந்து இரண்டாவது வாங்கினேன். வாளியைக் கவிழ்த்துக் குளிக்கிற இடத்தில் இதைப் போடாதீர்கள், தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும், கணுக்கால் வரை நிற்கும்.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாஷிங் மெஷின் குழாயை ஜாலிக்குள் சும்மா சொருகியிருந்தால் சுற்றி இருக்கிற இடைவெளியை அடைத்துவிடுங்கள். வெஸ்டர்ன் கமோடின் அடியில் வெள்ளை சிமெண்ட் விரிசல் விட்டிருந்தாலும் இதே நாற்றம் வரும். வெந்நீரில் மட்டும் முட்டை வாடை அடித்தால் சந்தேகப்பட வேண்டியது கீசரையும் தண்ணீரையும், டிரெயினை இல்லை. எந்த ஓட்டை என்று தெரியவில்லையா, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு ஜாலியைப் பாலித்தீன் கவரும் டேப்பும் போட்டு மூடிவிட்டுத் தூங்குங்கள். எதை மூடிய காலையில் நாறவில்லையோ அதுதான்.

ஊருக்குப் போகும்போது ட்ராப்பில் தண்ணீர் நிரப்பி மேலே இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடுகிறேன், எண்ணெய்ப் படலம் ஆவியாக விடாது. 2024 மே மாதம் மூன்று வாரம் திருநெல்வேலியில் இருந்துவிட்டு வந்தோம், கதவைத் திறந்ததும் பூட்டின வீட்டு வாடைதான் இருந்தது. தினம் புழங்குகிற டிரெயினில் இது வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும். மற்ற நாளில் வெள்ளிக்கிழமை வீடு துடைத்து முடித்ததும் அம்மாவே பின் பாத்ரூமில் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிவிடுகிறார். சோப்புத் துண்டுக்கு வேறு கிண்ணம் வாங்கிக் கொடுத்தாயிற்று.