சட்டைப்பை புதிய ஏற்பாடு: எட்டு மாதம் கூடவே வைத்திருந்தபின் எழுதுவது

பாளையங்கோட்டையில் டாடா ஏஸ் ஓட்டுகிறேன், காய்கறி லோடு. பதினாறு வருடம் குடித்தேன். விட்டு எட்டு மாதம் ஆகிறது. அந்த எட்டு மாதமும் சட்டைப்பையில் இருந்த புத்தகத்தைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

வேதாகமத்தின் (பைபிளின்) பிற்பகுதியான புதிய ஏற்பாடும், முற்பகுதியான பழைய ஏற்பாட்டிலிருந்து சங்கீதமும் நீதிமொழிகளும் மட்டும் சேர்ந்த சிறிய பதிப்பு. உள்ளங்கைக்குள் அடங்கும். வீட்டில் பெரிய வேதாகமம் இருக்கிறதே, இது எதற்கு என்று மனைவி கேட்டாள். சோதனை வீட்டில் வருவதில்லை. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். அந்த நேரமெல்லாம் நான் ரோட்டில்தான் இருப்பேன்.

எழுத்து ரொம்பப் பொடி. நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது. தாள் மெல்லியது. வியர்வையில் அட்டையின் ஓரம் உரிந்துவிட்டது, இப்போது ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். தையல் மட்டும் கெட்டி, ஒரு பக்கம்கூடக் கழன்று வரவில்லை.

நீதிமொழிகள் சேர்த்திருப்பது பெரிய உதவி. 31 அதிகாரம், நாளுக்கு ஒன்று என்று மாதம் ஓடிவிடும். 23-ஆம் தேதி வரும்போது மதுபானத்தைப் பற்றிய பகுதி வரும். குடிக்காதே என்பதற்கு முன்னாலேயே, பாத்திரத்தில் பளபளக்கும்போது அதைப் பாராதே என்கிறது. அன்றைக்குத்தான் என் வழியை மாற்றினேன். சனிக்கிழமை கூலி வாங்கியதும் கடை இருக்கும் தெரு வழியாக வந்துகொண்டிருந்தவன், இரண்டு கிலோமீட்டர் சுற்றி வேறு ரோட்டில் வர ஆரம்பித்தேன். 1 கொரிந்தியர் 10:13-இல் சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று இருக்கிறது. டிரைவருக்குப் போக்கு என்றால் ரோடுதானே! நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் வாரம் கை நடுங்கியது, தூக்கம் இல்லை. டாக்டரிடம் போய் மாத்திரை சாப்பிட்டேன். அதிகமாகக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஜெபமும் பண்ணுங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

இந்தப் பதிப்பில் எனக்குப் பெரிய குறை வேறு. மத்தேயு 4-இல், இயேசு நாற்பது நாள் உபவாசத்துக்குப் பின் பசியோடு இருக்கும்போது பிசாசு மூன்று முறை சோதிக்கிறான். மூன்று முறையும் வேதத்தில் எழுதியிருக்கிற வசனத்தைச் சொல்லித்தான் இயேசு பதில் கொடுக்கிறார். அந்த மூன்றுமே உபாகமத்தில் உள்ளவை. உபாகமம் பழைய ஏற்பாட்டில் வருவது, இந்தப் புத்தகத்தில் இல்லை. பிசாசு எடுத்துக் காட்டுகிற வசனமோ 91-ஆம் சங்கீதம், அது இருக்கிறது! இதைக் கண்டுபிடித்த ராத்திரி வண்டி கேபின் லைட்டிலேயே உட்கார்ந்து யோசித்தேன். வசனம் தெரிந்தால் போதாது, இயேசு எதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று தெரிய வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பெரிய வேதாகமத்தைப் பார்த்து உபாகமம் 8:3, 6:16, 6:13 மூன்றையும் கடைசி வெற்றுத் தாளில் நீலப் பேனாவால் எழுதினேன்.

நான் வாங்கியபோது விலை 100 ரூபாய்க்குள்தான். வாங்குகிறவர்கள் கடையில் பிரித்து எழுத்தின் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

போன வாரம் மச்சானுக்கும் ஒன்று வாங்கினேன். அவரும் விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கொடுப்பதற்கு முன்னால் அந்த மூன்று வசனத்தையும் அதன் கடைசித் தாளில் எழுதிவிட்டேன். அவருக்குக் கண் சரியில்லை, அதனால் கொஞ்சம் பெரிய எழுத்தாக.