ரிமோட் அசிஸ்டென்ட் வைக்கப் போறீங்களா, என்னோட 88,500 ரூபா கதைய கேட்டுட்டு வைங்க

கரூர்ல சின்னதா ஹோம் டெக்ஸ்டைல் பண்றேன், ஏப்ரன், கிச்சன் டவல், டேபிள் கிளாத் இந்த மாதிரி. ஜனவரில ஃப்ராங்க்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் ஃபேருக்குப் போயிட்டு ஒரு கட்டு விசிட்டிங் கார்டோட வந்தேன், வந்தா ஃபாலோ அப் மெயில் போட ஆளில்ல, பகலெல்லாம் தறி, டையிங், ஸ்டிச்சிங்னு ஓடிட்டு ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்ப தொறந்தா கண்ணு சொக்குது. வீட்டுக்காரம்மா "ஏனுங்க, ஒரு ஆளப் போட்டுக்கங்களேன்"னாங்க. அந்த நேரம் பாத்து இன்ஸ்டால ஒரு ஏஜென்சி விளம்பரம். மாசம் 25,000, வீட்லருந்தே வேலை பாக்குற எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட், மூணு மாசம் அட்வான்ஸ்.

வீடியோ கால்ல ஒரு பொண்ண காட்டுனாங்க. இங்கிலீஷ் அருவி மாதிரி கொட்டுச்சு, நான் ரெண்டு கேள்வி கேக்குறதுக்குள்ள அதுவே நாலு கேட்டுச்சு. நம்ம ஊர்ல 25,000க்கு இப்படி ஒரு ஆளான்னு அப்பவே யோசிச்சிருக்கணும். யோசிக்கல. 75,000, அதுக்கு 18% ஜிஎஸ்டி, மொத்தம் 88,500 அன்னைக்கே அனுப்பிட்டேன்.

முதல் வாரம் சூப்பர். ரெண்டாவது வாரத்துலருந்து ஏதோ இடிச்சுது. காலைல போற மெயில் "ரெஸ்பெக்டெட் சார்"னு ஆரம்பிக்கும், சாயங்காலம் அதே பையருக்குப் போறது "ஹேய்"னு ஆரம்பிக்கும். கால் பண்ணா கேமரா ஆஃப், "நெட் ஸ்லோ சார்". ஜிமெயில கம்ப்யூட்டர்ல தொறந்தா அடியில வலது பக்கம் பொடி எழுத்துல டீடெயில்ஸ்னு ஒண்ணு இருக்கும், யார் யார் எந்த ஐபிலருந்து உள்ள வந்தாங்கன்னு காட்டும், அன்னைக்குத்தான் அத முதல்தடவ அமுக்குனேன். ஒரே நாள்ல மூணு வேற வேற இடம். இன்டர்வியூக்கு ஒரு முகம், வேலைக்கு யார் சும்மா இருக்காங்களோ அவங்க, அவ்ளோதான் மேட்டர்.

இதுக்குள்ள ஒரு ஜெர்மன் பையர் லேப் டிப் (கலர் பாக்க சாயம் போட்டு அனுப்புற சின்ன சாம்பிள்) அப்ரூவல் அனுப்பி ஒம்போது நாள் ஆச்சு, அந்த மெயில படிச்சு "படிச்சாச்சு"ன்னு விட்டுட்டாங்க, ஒருத்தர் படிச்சத இன்னொருத்தருக்கு சொல்லல. ஷேட் ஓகே ஆனது தெரியாம நான் நூல டையிங்குக்கே போடல. ஆர்டர் வேற ஆளுக்குப் போச்சு. 88,500 போனதுகூட வலிக்கல, இதுதான் இன்னும் வலிக்குது.

நிறுத்திக்கிறேன்னு சொன்னேன். மறுநாள் என் மெயிலே எனக்குத் தொறக்கல. "சார் ஓடிபி உங்களுக்கு வந்தா ஒவ்வொரு தடவையும் உங்கள டிஸ்டர்ப் பண்ணணும், ரெக்கவரி நம்பர எங்களுதா மாத்திக்கலாம்"னு முதல் நாளே சொன்னாங்க, நானும் பெரிய மனசு பண்ணி சரின்னுட்டேன், திருடன் கையில சாவியக் குடுத்த கதை. இன்னும் ரெண்டு மாசம் நோட்டீஸ் பீரியட் காசு கட்டினாத்தான் ஹேண்ட் ஓவராம்.

நல்லவேளை, மெயில் எங்க கம்பெனி டொமைன்ல இருந்துச்சு, அதோட அட்மின் லாகின் மச்சான் பையன்கிட்ட. அவன் பத்து நிமிஷத்துல பாஸ்வேர்ட மாத்தி எல்லாரையும் வெளிய தள்ளிட்டான். தீந்துச்சுன்னு நெனச்சேன், "மாமா இருங்க"ன்னு செட்டிங்ஸ்ல ஃபார்வர்டிங்கும் ஃபில்டரும் பாத்தான், பாத்தா எனக்கு வர்ற மெயில் அத்தனையும் ஒரு காப்பி வேற ஒரு ஐடிக்குப் போயிட்டிருக்கு. பாஸ்வேர்ட் மாத்தினாலும் இது நிக்காதாம்! வாட்ஸப் லிங்க்டு டிவைஸ்லயும் ரெண்டு தெரியாத கம்ப்யூட்டர். என் லெட்டர்ஹெட், கையெழுத்து ஸ்கேன் எல்லாம் வேற அவங்ககிட்ட இருக்கு, அதனால ஒவ்வொரு பையருக்கும் நானே ஃபோன் பண்ணி, பேங்க் அக்கவுன்ட் மாறிருச்சுன்னு என் பேர்ல மெயில் வந்தா நம்பாதீங்க, எனக்கு அடிங்கன்னு சொன்னேன். மானம் போச்சு, ஆனா சொல்லாம இருக்க முடியல.

இதுல ஆடிட்டர் வேற. நான் கட்டின 13,500 ஜிஎஸ்டி, நம்ம வரில கழிச்சுக்கிற கிரெடிட்டுல வரவே இல்ல, பில்லுல இருந்த ஜிஎஸ்டி நம்பர போட்டுப் பாத்தா கேன்சல் ஆன நம்பர். "ஜிஎஸ்டி சைட்டுல லாகின்கூட வேண்டாங்க, நம்பரப் போட்டா ஆக்டிவா இல்லையான்னு காட்டும், காசு அனுப்புறதுக்கு முன்னாடி பாத்திருக்கலாமில்ல"ன்னார். சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு ஃபோன் பண்ணி கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன், இன்னும் ஒண்ணும் வரல.

ஏஜென்சி ஃபிராடுதான், ஆனா நானும் தயாராகாம ஆள் எடுத்தேன். என்ன வேலைன்னு ஒரு பேப்பர்லகூட எழுதல, "எல்லாம் பாத்துக்கம்மா"ன்னேன். அடுத்த தடவ ரெண்டு வாரம் ஒரு நோட்டுல நான் தினமும் பண்றத எல்லாம் எழுதிப் பாத்தேன், பாதி வேலை யாருக்கும் குடுக்கக்கூடாத வேலை, ரேட் பேசுறது, பேங்க், பையர்கிட்ட மன்னிப்பு கேக்குறது. மிச்சத்துக்கு மட்டும் ஆள் தேடினேன். மெயிலுக்கு பாஸ்வேர்ட் குடுக்கவே வேண்டாங்க, ஜிமெயில்லயே டெலிகேட்னு இருக்கு, அவங்க ஐடிலருந்தே நம்ம மெயில படிக்கலாம் அனுப்பலாம், பாஸ்வேர்ட மட்டும் தொட முடியாது.

இப்ப குளித்தலைலருந்து ஒரு பொண்ணு வீட்லருந்தே பாக்குது, எம்.காம், ஒரு வாரம் சம்பளம் குடுத்து டிரையல் பாத்துட்டுதான் எடுத்தேன். இங்கிலீஷ் அருவியெல்லாம் இல்ல, ஒரு மெயில் அடிக்க அர மணி நேரம் ஆகுது. ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு "அண்ணா, இன்னைக்கு வந்தது இத்தன, பதில் போட்டது இத்தன, நீங்க பாக்க வேண்டியது இது ரெண்டு"ன்னு மெசேஜ் வந்துருது.

அந்த ஏஜென்சி விளம்பரம் போன வாரம் திரும்ப கண்ணுல பட்டுச்சு. பேரு வேற, ஆனா வீடியோல அதே பொண்ணு.